சரிவு வீதியின் ஊதா விரல்கள்

இசோபே அந்த மையை வாங்கியது மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில்தான். துறைமுகத்துப் படகுக் கம்பெனியில் டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்த மனிதர் அவர். போன வசந்தத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவர் எந்த அறையில் உட்கார்ந்தாலும் மனைவி மினெகோவுக்குச் சரியாக அந்த அறையில்தான் வேலை இருந்தது. அதனால் காலையில் ட்ராம் ஏறி, நாகசாகியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விட்டு, அதே ட்ராமில் திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது.

அன்று ஜூன் மழை. குடையை ட்ராமிலேயே விட்டுவிட்டு இறங்கியவர், கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்தார். எழுதுபொருள் கடை. நனைந்த காகத்தைப் போல வாசலிலேயே நின்றவரைப் பார்த்துக் கடைக்காரப் பெண் ஒரு கண்ணாடிப் பேனாவையும் ஒரு தாளையும் நகர்த்தி வைத்தாள்.

"மழை விடற வரைக்கும் எழுதிப் பாருங்க. எங்க கடையிலயே செய்யற மை. பேரு ‘மழைக்குப் பின் சரிவு.’"

எழுது என்றால் எதை எழுதுவது? கை தன் பாட்டுக்கு, ‘பெரியவர் இரண்டு, சிறியவர் ஒன்று, போக வர’ என்று எழுதியது. ஈரத்தில் அது கத்திரிக்காய்த் தோல் போலக் கறுத்துக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மேலே வந்தது. அழுத்தி இழுத்த இடத்தில் மழையில் ஊறிய ஹைட்ரேஞ்சியாப் பூவின் அடர்ந்த ஊதா. லேசாக இழுத்த இடத்தில் அதுவே விடியற்கால வானம் மாதிரி வெளிறியிருந்தது. தாளைச் சாய்த்தபோது ஊதாவின் மேல் இன்னொன்று நெளிந்தது. புறாக் கழுத்தில் வெயில் பட்டால் தெரியுமே, அந்தச் செம்புப் பளபளப்பு.

இசோபே தாளை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். இத்தனை வருஷம் அவர் எழுதியதெல்லாம் கம்பெனி கொடுத்த பால்பாயிண்ட் பேனாவில்.

"இது எப்படிம்மா வருது?"

"சாயம் ஜாஸ்திங்க. தண்ணி எவ்வளவு தாங்குமோ அதுக்கு மேலயே போட்டிருக்கோம். உள்ள போக இடமில்லாதது மேல வந்து நிக்குது."

"குறைன்னு ஏதாச்சும்?"

அவள் ஒரு மூச்சு நேரம் யோசித்தாள். "காயறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்," என்றாள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம் வரும் என்று சொல்லிப் பெண் கேட்பார்களே, அந்தக் குரல்.

மழை விட்டபோது இசோபேயின் பையில் ஒரு புட்டி மையும், பட்டை நிப் வைத்த பேனா ஒன்றும் இருந்தன.

வீட்டில் எழுத ஒன்றுமில்லை. கடிதம் எழுதலாமென்றால் அவருக்குத் தெரிந்தவர்களெல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். முதலில் சோயா சாஸ் புட்டியில் ‘சோயா சாஸ்’ என்று எழுதி ஒட்டினார். பிறகு வினிகர். பிறகு உப்பு. அரிசி டப்பாவில் அரிசி என்று எழுதியதோடு நிற்காமல், அது எந்த ஊர் அரிசி, சமைத்தால் எப்படி இருக்கும் என்றும் எழுதினார். மினெகோ கடைக்குக் கிளம்பினால், என்ன வேண்டும் என்று தான்தான் எழுதித் தருவேன் என்று அடம்பிடித்தார். ‘முள்ளங்கி ஒன்று. முடிந்தால் நேரானது. வளைந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம்.’

"முள்ளங்கிக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கதை?"

"‘ங்கி’ எழுதறப்போ அந்த வளைவு எப்படி வருது பாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாரு."

மினெகோ வெளிச்சத்தில் பிடித்தாள். அழகாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொண்டால் என்ன ஆகுமென்று தெரிந்தவளாகையால் வாயைத் திறக்கவில்லை. கடையில் போய்ப் பார்த்தால் காசு கொடுத்த கையெல்லாம் ஊதா.

குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எழுதி வைத்த தாளை மறுநாள் தொட்டாலும் ஒட்டியது. பேனாவை ஒரு நாள் சும்மா விட்டால் நிப்பில் பச்சையாகப் பாசி பிடித்தது போல ஏதோ கட்டியது. கழுவப்போனால் ஒரு சொட்டு தொட்டியையே நிறைத்தது. தோலில் பட்டால் சோப்பு, வினிகர், எலுமிச்சை எதற்கும் அது மசியவில்லை.

"குளியல் அறையில யாரோ கத்திரிக்காயைக் கொலை பண்ணியிருக்காங்க," என்று ஒருநாள் மினெகோ சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "டோஃபுல வேற உங்க கட்டைவிரல் ரேகை இருக்கு. அந்தப் பக்கத்தை நீங்களே சாப்பிடுங்க."

இசோபே அந்தப் பக்கத்தைச் சாப்பிட்டார்.

அந்த வருஷம் குடியிருப்போர் சங்கத்தில் சுற்றறிக்கைப் பொறுப்பு அவர் வீட்டு முறை. அவர்கள் இருந்த சரிவு வீதிக்குக் கார் வராது. கீழே ட்ராம் பாதையிலிருந்து மலைக்கு ஏறும் கல்படிகளும், படிகளின் இரு பக்கமும் ஒன்றன் தலைமேல் ஒன்றாக உட்கார்ந்த வீடுகளும்தான் வீதி. சங்கத்தின் செய்தியைத் தாளில் அடித்து ஓர் அட்டையில் செருகிக் கீழ்வீட்டில் கொடுத்தால், அவர்கள் படித்துவிட்டு, படித்ததற்கு அடையாளமாகத் தங்கள் வீட்டு முத்திரையைக் குத்தி மேல்வீட்டுக் கதவில் மாட்டுவார்கள். அப்படியே உச்சி வரை ஏறி இறங்கி வரும். சங்கத் தலைவர் கவாஜிரி வங்கியில் மேலாளராக இருந்தவர். செய்தியைக் கம்ப்யூட்டரில் அடித்து அவரே அனுப்புவார். பொறுப்பாளர் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

"தலைவரே, இந்தத் தடவை நான் கையாலயே எழுதிடறேன்," என்றார் இசோபே.

"எதுக்கு இசோபே சான் சிரமம்?"

"சிரமம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் மனசோட எழுதலாமேன்னு."

கவாஜிரிக்குக் கண் கலங்கியது. சங்க வேலையை மனசோடு செய்கிறேன் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை படியோரத்துப் புல் வெட்டப்படும், அரிவாளோடு வரவும். செய்தி இவ்வளவுதான். இசோபே எழுதியதில் அது பல பக்கங்கள் போனது. மழைக்காலத்து வணக்கத்தில் தொடங்கி, ஹைட்ரேஞ்சியா இந்த வருஷம் எப்படி, நத்தைகள் எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில்தான் புல்லுக்கு வந்தார். ஒவ்வொரு எழுத்தும் புறாக் கழுத்தாக மின்னியது. ஒரு பகலும் ஓர் இரவும் உலர்த்திவிட்டுத்தான் அட்டையில் செருகினார். ஆனால் அது ஜூன். சுவரே வியர்க்கும் ஈரத்தில் மை எங்கே காயும்?

அட்டை மேலே போகப் போக விரல்கள் ஊதாவாயின. விரலிலிருந்து கதவுக் கைப்பிடிக்கு, கைப்பிடியிலிருந்து பால் புட்டிக்கு, அங்கிருந்து கன்னத்துக்கும் காதுக்கும். வீதியின் ஒரே வெள்ளைப் பூனை வயிற்றில் ஐந்து விரலும் பதிந்து திரிந்தது. முடிதிருத்தும் தெகுச்சி ஒரு வாடிக்கையாளரின் பிடரியில் ஊதாவாகக் கைவைத்துவிட்டு, அது புது மோஸ்தர் என்று சொல்லித் தப்பித்தார்.

சகோன்ஜித் தாத்தாவின் விஷயம்தான் பெரிதாகிவிட்டது. வீதியின் உச்சியில் மகனோடும் மருமகளோடும் இருந்தவர். பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது அவர் பழக்கம். பல பக்கச் செய்தி. அவர் முடிப்பதற்குள் உதடு ஊதா, நாக்கு ஊதா. மருமகள் தேநீரோடு வந்தாள். உதட்டைப் பார்த்தாள். தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு சரி. ஆட்கள் தூக்குக் கட்டிலோடு படியேறி வந்து, தாத்தாவைப் பட்டைபோட்டுக் கட்டி, மழையில் தலைக்குமேல் பிளாஸ்டிக் விரித்து இறக்கினார்கள். வீதியே வாசலில் நின்றது.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. நான் புல்லு வெட்டறதப் பத்திப் படிச்சுட்டு இருந்தேன்," என்றார் தாத்தா.

"பேசாம இருங்க தாத்தா. ஆக்சிஜன் குறைஞ்சா இப்படித்தான் என்னென்னமோ தோணும்," என்றார் முன்னால் பிடித்தவர். அவர் கையும் அதற்குள் ஊதாவாகியிருந்தது.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் பஞ்சை ஈரமாக்கி உதட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். "எந்தக் கடை மை இது?" என்று கேட்டாள். அவளும் எழுதுகிறவள்தான் போலிருக்கிறது.

சாயங்காலமே தாத்தா தன் காலாலேயே படியேறி வந்தார். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "லேசாக் கசக்குது. ஆனா மோசமில்ல," என்று சொல்லிக்கொண்டே போனார்.

சங்கக் கூடத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். இசோபே ஒரு பெட்டி காஸ்தெல்லா கேக்கோடு போய், வாசலிலேயே நெற்றி பாயில் படக் குனிந்தார். புட்டியைக் கடலில் எறிந்துவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார்.

கவாஜிரி எழுந்தார். "நிமிருங்க இசோபே சான். நான் உங்களத் திட்டக் கூப்பிடல. எல்லாரும் கையைக் காட்டுங்க."

ஒன்றும் புரியாமல் எல்லோரும் கைகளை நீட்டினார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி விரல்கள் வரிசையாக ஊதாவாக இருந்தன. ஆனால் எல்லாமே இல்லை.

"நான் தலைவரா வந்த நாள்லேருந்து அட்டை முழுக்க முத்திரையோடதான் திரும்பி வருது," என்றார் கவாஜிரி. "ஆனா புல்லு வெட்ட நானும் என் அரிவாளும் மட்டும்தான் வர்றோம். ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது. படிச்சவன் கையில மை இருக்கு. படிக்காம முத்திரை குத்தினவன் கை சுத்தமா இருக்கு."

நீட்டிய கைகளில் சில மெதுவாகச் சட்டைக்குள் போயின. ஒரு ஜோடி மட்டும் நகரவில்லை. வெள்ளை வெளேரென்று பாயின் மேல் கிடந்தது. அது ஒகுனோவின் கை.

வீதியில் எல்லோருக்கும் பயம் என்றால் அது ஒகுனோவிடம்தான். குப்பை போடும் இடத்தில் விடியும்போதே வந்து நிற்பாள். எரிக்கவென்று பிரித்து வைக்கும் குப்பையில் யாராவது ஒரு புட்டி மூடியைப் போட்டால், அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி அவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு வருவாள். ‘சங்கத்து விதியைப் படிக்கலையா?’ என்பதுதான் அவள் காலை வணக்கம்.

"ஒகுனோ சான், உங்க கை..." என்று இழுத்தார் தெகுச்சி.

"நான் கையுறை போட்டுக்கிட்டுப் படிப்பேன்," என்றாள் ஒகுனோ.

அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கவாஜிரி மட்டும், "அடுத்த அறிக்கையும் இசோபே சானே இந்த மையிலயே எழுதுவாரு. அதுக்கடுத்த கூட்டத்துல விரல் பார்க்கப்படும். கையுறை வேணாம்," என்று முடித்தார்.

இசோபேக்கு அன்று தூக்கமே பிடிக்கவில்லை. எல்லாம் சந்தோஷத்தால்தான். தன் மை சட்டமாகிவிட்டது.

ஒரு வாரம்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. நகராட்சியிலிருந்து நேராக அவருக்கே வந்த செய்தியை வைத்து இரண்டாவது அறிக்கையை முன்னதைவிட நீளமாக எழுதி அனுப்பிய மறுநாள், பின்கதவில் யாரோ சுரண்டினார்கள். தெகுச்சி.

"ஒரு சொட்டு குடுங்க இசோபே சான். கட்டைவிரல்ல மட்டும்."

"அட்டை இன்னும் உங்க வீட்டுக்கு வரலையா?"

"வந்துட்டுப் போயிடுச்சு. பொண்டாட்டி மேல்வீட்டுக் கதவுல மாட்டிட்டா. கடையில கூட்டம். இனிமே மேல போய் வாங்கிப் படிக்கறதுன்னா..." தெகுச்சி கையை நீட்டினார். "நீங்க எழுதினா நல்லாத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியாதா?"

இசோபே இளகிய மனசுக்காரர். ஒரு சொட்டு வைத்தார். மறுநாள் இன்னும் சிலர். மருதாணி வைத்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள் போலப் பின்கட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி, படித்தது போலவே இயல்பாக இருக்கட்டும், ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள் என்றாள். இன்னொருவர் மனைவிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். எழுதினால் வருஷக்கணக்கில் வரவேண்டிய மை அவர் கண்ணெதிரிலேயே விரல் விரலாக இறங்கியது.

"ஒரு எழுத்துகூட எழுதாம மை தீருது," என்றார் மினெகோவிடம்.

"வேண்டாம்னு சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? படிக்காம வந்து நிக்கறவங்க மூஞ்சியப் பார்த்தா பாவமா இருக்கு."

"அப்போ எழுதறதச் சின்னதா எழுதுங்க. அவங்களும் படிச்சுத் தொலைப்பாங்க."

இந்த யோசனையில் நியாயம் இருந்தது. ஆனால் சின்னதாக எழுதினால் அந்தச் செம்புப் பளபளப்பு எங்கே வரும்? இசோபே புட்டியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார்.

இரண்டாவது கூட்டத்தன்றும் மழை. யாரும் வராமல் இல்லை. சகோன்ஜித் தாத்தா உதட்டிலும் பூசிக்கொண்டு வந்திருந்தார். தன்னை விட அதிகமாகப் படித்தவன் இந்த வீதியில் இல்லை என்று எல்லோரிடமும் நாக்கை நீட்டிக் காட்டினார். கவாஜிரி வரிசையாக விரல் பார்த்துக்கொண்டே வந்தார். ஊதா, ஊதா, ஊதா. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒகுனோவின் முன்னால் வந்து நின்றார்.

அவள் விரல்களிலும் நிறம் இருந்தது. நகக்கண்வரை செக்கச்சிவந்த ஊதா.

"இது வேற மாதிரி இருக்கே," என்றார் தெகுச்சி. தன் கட்டைவிரலைப் பற்றிய கவலையில் அவருக்கு அடுத்தவர் விரல் மேல் கண் இருந்தது. "அந்த மை சாய்ச்சா மின்னும். விளக்குல சாய்க்கச் சொல்லுங்க."

எல்லோரும் குழல்விளக்கின் கீழ் கூடினார்கள். முதலில் மற்றவர்கள் தங்கள் விரலைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்கள். செம்பு மின்னியது. ஒகுனோ கையை நீட்டினாள். இப்படிச் சாய்த்தாலும் அப்படிச் சாய்த்தாலும் அது மின்னவில்லை.

"மை விஷயம் தெரிஞ்சவர் இசோபே சான்தான். அவரே சொல்லட்டும்," என்றார் கவாஜிரி.

இசோபே முழங்காலில் நகர்ந்து போய்க் குனிந்தார். பக்கத்தில் போனதுமே புளிப்பும் உப்புமாக ஒரு வாசனை வந்தது. ஷிசோ இலை. ஜூன் மாதத்தில் வீட்டுக்கு வீடு பிளம் காய் ஊறுகாய் போடுவார்களே, அதற்கு நிறம் ஏற்றச் சிவப்பு இலையை உப்புப் போட்டுப் பிசைந்த கை. மினெகோவின் கையும் வருஷாவருஷம் இப்படித்தான் இருக்கும். அவர் நிமிர்ந்து ஒகுனோவின் முகத்தைப் பார்த்தார். அதில் கெஞ்சல் எதுவுமில்லை. ஆனால் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவள், நாளையிலிருந்து எந்த வாசலில் போய் என்ன சொல்லுவாள்?

"என்னோட மைதான்," என்றார் இசோபே. "புட்டி அடியில இருக்கற மை கொஞ்சம் சிவப்பாத்தான் வரும். மின்னாது."

கூடம் மூச்சு விட்டது. ஒகுனோ விடவில்லை.

"இல்ல," என்றாள். "இது ஷிசோ. நான் ஊறுகாய் போட்டேன். அறிக்கைய நான் படிக்கல. எந்தக் காலத்துலயும் படிச்சதில்ல. எனக்காக நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம், இசோபே சான்."

யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஒகுனோ எல்லோரையும் பார்த்தாள்.

"நான் படிக்கலன்னு ஒத்துக்கிட்டேன். நீங்கல்லாம் படிச்சிருக்கீங்க. சொல்லுங்க. என்ன எழுதியிருந்தது?"

ஆளுக்கு ஆள் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஹைட்ரேஞ்சியா பத்தி..." என்றார் ஒருவர்.

"அது போன தடவை. இந்தத் தடவை தவளை," என்றாள் பின்னாலிருந்தவள்.

"‘தண்ணி’ன்னு ஒரு இடத்துல எழுதியிருந்தாரு. அந்த எழுத்தோட வால் அப்படியே அருவி மாதிரி இறங்கிச்சு. நான் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன்," என்றார் சகோன்ஜித் தாத்தா.

"ஆமா, அந்த வால். நானும் பார்த்தேன்."

"தலைவரே, நீங்க சொல்லுங்க," என்றாள் ஒகுனோ.

கவாஜிரி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். கடமை தவறாத மனிதர். அட்டை வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துத் தேய்த்திருந்தார். "நீளமா இருந்ததால... விரல் நல்லாப் பதியணுமேன்னு..." என்றார்.

எல்லோரும் இசோபேயின் பக்கம் திரும்பினார்கள். எழுதியவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இசோபே கண்ணை மூடினார். தவளை ஞாபகம் வந்தது. மழை நூலிழையாக இறங்குவது ஞாபகம் வந்தது. தண்ணீர் என்று எழுதினார், வாலை இழுத்தார், அது காய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு? தண்ணீருக்கு என்ன?

அந்நேரம் தேநீர் போடப் போன மினெகோ கூடத்துச் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "குழாயில தண்ணி வரல," என்றாள்.

இசோபேக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கடைசிப் பக்கம், கடைசி வரி. "குழாய் மாத்தற வேலை," என்றார் மெல்ல. "இன்னிக்குப் பகல்லேருந்து நாளைக் காலை வரைக்கும் வீதிக்குத் தண்ணி கிடையாது. எல்லாரும் பிடிச்சு வச்சுக்கணும்."

குழாய் உள்ளிருந்து ஒருதரம் இருமிவிட்டு அடங்கியது.

யாரும் கத்தவில்லை. கத்துவதென்றால் யாரைப் பார்த்துக் கத்துவது? ஒருவர் பின் ஒருவராகக் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் சரிவு வீதி முழுக்கக் கூரை விளிம்புகளின் கீழ் பாத்திரங்கள் வந்து நின்றன. சோறு வடிக்கும் சட்டி, பிளாஸ்டிக் வாளி, குளியல் தொட்டியின் மூடி, சகோன்ஜித் தாத்தா வீட்டுப் பூத்தொட்டி. மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர் கீழ்வீட்டுப் பாத்திரத்தில் விழுந்தது. அது யாருடைய தண்ணீர் என்று ஒரு சின்னச் சண்டை நடந்து, மழை இன்னும் பலமாகப் பிடித்ததும் முடிந்தது. எல்லோரும் மழையில் கையை நீட்டிக் கழுவிப் பார்த்தார்கள். ஊதா போகவில்லை.

கடைசியில் கூடத்தில் இசோபேயும் ஒகுனோவும் மட்டும் மிஞ்சினார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எதுக்காகப் பொய் சொன்னீங்க?"

"தெரியல. உங்க கை நிறமும் நல்லாத்தான் இருந்தது."

ஒகுனோ அவரைக் குப்பைப் பையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எரிகிறதா, எரியாததா என்று முடிவு செய்ய முடியாத பை. பிறகு போய்விட்டாள்.

அதற்கடுத்த அறிக்கை கம்ப்யூட்டரில் வந்தது. அரைப் பக்கம். கைகள் மெதுவாக வெளுத்தன. முத்திரைகள் ஒழுங்காக விழுந்தன. புல் வெட்டக் கவாஜிரியும் அவர் அரிவாளும் போனார்கள். இசோபே போகலாமென்று நினைத்தார். ஆனால் எந்த நாள் என்று தெரியவில்லை; அந்த அறிக்கையை அவரும் படித்திருக்கவில்லை.

அவர் மறுபடி ட்ராமில் கோடிக்குக் கோடி போய்வரத் தொடங்கினார். புட்டியில் மிச்சமிருந்த மையைத் திறந்து பார்ப்பார், மூடுவார். வீட்டில் எழுதி ஒட்டாத டப்பா எதுவும் பாக்கியில்லை.

ஒருநாள் காலை ஒகுனோ வாசலில் வந்து நின்றாள். குப்பைப் பை இல்லை. ஒரு வெள்ளைப் பலகை.

"குப்பை போடற இடத்துக்கு. ‘காக்கை வரும், வலையை இழுத்து மூடுங்கள்.’ இதை மட்டும் எழுதிக் குடுங்க. காக்கையோட ஆரோக்கியமெல்லாம் விசாரிக்க வேண்டாம்."

இசோபேக்கு நம்ப முடியவில்லை. "அச்சடிச்ச தாள் ஏற்கெனவே ஒட்டியிருக்கே?"

"அதை யாரும் நின்னு பார்க்கறதில்ல. உங்க எழுத்துன்னா நிப்பாங்க. படிக்க மாட்டாங்கன்னு தெரியும். ஆனா அந்த நிக்கற நேரத்துல வலை திறந்து கிடக்கறது கண்ணுல படும்."

இசோபே உட்கார்ந்து எழுதினார். வலை என்ற சொல்லில் ‘லை’யின் கொம்பை நிதானமாகச் சுழித்தார். பலகை போனது. மக்கள் குப்பைப் பையோடு நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். வலை மூடப்பட்டது. காக்கைகள் மின்கம்பியில் உட்கார்ந்து யோசித்தன.

அன்று மாலையே மழை பெய்தது. விடியும்போது இசோபே வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஒகுனோ பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஓர் எழுத்துகூட இல்லை. ஓரத்தில் மட்டும் ஊதாவாக ஒரு ஒழுகல். அவள் உள்ளங்கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை ஊதா. இந்த முறை சந்தேகமே இல்லை. கதவைத் திறந்ததும் வெளிச்சத்தில் செம்பாக மின்னின.

"கையில பட்டா போக மாட்டேங்குது. பலகையில நிக்க மாட்டேங்குது," என்றாள். "என்ன மை இது, இசோபே சான்?"

"சாயம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் இசோபே.

"திரும்ப எழுதிக் குடுங்க."

"நாளைக்கும் மழைன்னு ரேடியோவுல சொன்னாங்க."

"தெரியும். நாளைக்கும் வருவேன்."

இசோபே பலகையை வாங்கித் துடைத்தார். உள்ளேயிருந்து மினெகோ, சமையல்கட்டில் தனக்கு வேலை இருக்கிறது, எழுதுவதானால் முன்னறையில் வைத்து எழுதுங்கள் என்று குரல் கொடுத்தாள். வந்தவளுக்கும் சேர்த்துத் தேநீர் வைக்கட்டுமா என்று கேட்டாள். ஒகுனோ தனக்கு நேரமில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். இசோபே பேனாவின் மூடியைத் திறந்து, நிப்பில் கட்டியிருந்ததை கைத்துண்டால் துடைத்துவிட்டு, இந்த முறை காக்கையின் ‘கா’விலிருந்து தொடங்குவதா, வலையின் ‘வ’விலிருந்து தொடங்குவதா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.